ஜெர்மன் பள்ளிக்கூடம்: ஐந்தாம் வகுப்பு முதல் அபிட்டூர் வரை பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியில் பள்ளிக்கல்வி நடுவண் அரசின் கையில் இல்லை. 16 மாநிலங்களும் தனித்தனியே சட்டம் வைத்திருக்கின்றன. பெர்லினில் இருக்கும் உறவினர் சொன்ன விதி மியூனிக்கில் செல்லாமல் போவது அதனால்தான். கீழே பொதுவானதை முதலில் சொல்லி, மாறுபடும் இடங்களில் மாநிலத்தின் பெயரைக் குறித்திருக்கிறோம். யாராவது "ஜெர்மனியில் இப்படித்தான்" என்று அடித்துச் சொன்னால், "எந்த மாநிலத்தில்?" என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

பள்ளிகளின் பெயர்களே குழப்புகின்றன. எது என்ன?

ஆறு வயதில் தொடக்கப்பள்ளி. பெரும்பாலான மாநிலங்களில் அது நான்கு ஆண்டு. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு ஆண்டு. அதன் பிறகு பாதைகள் பிரிகின்றன. கிம்னாசியும் பல்கலைக்கழகத்தை நோக்கியது. 12 அல்லது 13ஆம் வகுப்பு வரை போய், அபிட்டூர் என்ற தேர்வில் முடியும். ரியால்ஷூல 10ஆம் வகுப்போடு முடியும். ஹவுப்ட்ஷூல பொதுவாக 9 வரைதான். பவேரியாவில் இதற்கு மிட்டல்ஷூல என்று பெயர். எல்லா மாணவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் கெசாம்ட்ஷூலவும் உண்டு. ஹாம்பர்க்கில் கிம்னாசியும், ஷ்டாட்டைல்ஷூல என்று இரண்டே வகை. ஷ்டாட்டைல்ஷூலவிலும் 13ஆம் வகுப்பு வரை படித்து அதே அபிட்டூரை எழுதலாம்.

கிம்னாசியும் எட்டாண்டா ஒன்பதாண்டா என்பது இருபது வருடமாக ஓயாத சண்டை. 2000-களில் பல மாநிலங்கள் ஓராண்டைக் குறைத்தன. பிள்ளைகள் பிற்பகலெல்லாம் பள்ளியிலேயே கிடக்கிறார்கள் என்று பெற்றோர் கொதித்ததில் பெரும்பாலானவை பின்வாங்கிவிட்டன. பவேரியா 2018-19 முதல் ஒன்பதாண்டுக்குத் திரும்பியது. சாக்சனியும் துரிங்கியாவும் எப்போதும்போல 12ஆம் வகுப்பிலேயே முடித்துக்கொள்கின்றன.

பத்து வயதிலேயே பிள்ளையின் தலையெழுத்தை எழுதிவிடுகிறார்களாமே?

பெரும்பாலான மாநிலங்களில் பிரிப்பது பத்து வயதில்தான். அது சரியா என்று ஜெர்மானியரே இன்னும் சண்டை போடுகிறார்கள். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வு 2001 டிசம்பரில் முதன்முறை வெளியாகி, இந்த நாட்டில் பெற்றோரின் வசதிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் உள்ள பிணைப்பு மிக இறுக்கமானது என்று காட்டியபோது நாடே அதிர்ந்தது.

ஆனால் அது ஒருவழிப் பாதை இல்லை. ரியால்ஷூல முடித்தவர் நல்ல மதிப்பெண் இருந்தால் கிம்னாசியும் மேல்வகுப்பில் (அபிட்டூருக்கு முந்தைய கடைசி இரண்டு மூன்று ஆண்டுகள்) சேரலாம். ஃபாக்ஓபர்ஷூல என்ற ஈராண்டுப் பள்ளிக்குப் போனால் (11ஆம் வகுப்பில் பாதி நாட்கள் ஏதாவதொரு நிறுவனத்தில் பயிற்சி) 12ஆம் வகுப்பு முடிவில் பயன்பாட்டு அறிவியல் உயர்கல்விக் கூடங்களில் சேரும் தகுதி கிடைக்கும். கைத்தொழில் மேற்படிப்பான மைஸ்டர் பட்டம் பெற்றவருக்கும் 2009 முதல் பல்கலைக்கழகக் கதவு திறந்திருக்கிறது. சுற்றுவழி ஓரிரு வருடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவே. ஜெர்மன் சரியாக வராத பிள்ளையைக் கிம்னாசியத்தில் திணித்து, ஏழாம் வகுப்பில் நொந்து இறங்க வைப்பதைவிட இந்தச் சுற்றுவழி எவ்வளவோ மேல்.

எந்தப் பள்ளி என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

தொடக்கப்பள்ளி ஒரு பரிந்துரை கொடுக்கும். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் அது வெறும் பரிந்துரைதான், கடைசிச் சொல் பெற்றோருடையது. ஆனால் 5, 6ஆம் வகுப்புகள் சோதனைக் காலம். அதன் முடிவில் "இந்தப் பிள்ளைக்கு இங்கே ஒத்துவராது" என்று கிம்னாசியும் வேறு பள்ளிக்கு அனுப்பலாம்.

பவேரியாவில் எண்தான் பேசும். நான்காம் வகுப்பில் மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் வரும். ஜெர்மன், கணிதம், சுற்றுப்புறவியல் ஆகிய மூன்றின் சராசரி 2.33 வரை இருந்தால் கிம்னாசியும், 2.66 வரை இருந்தால் ரியால்ஷூல. (எண் குறையக் குறைய உயர்வு, கீழே பாருங்கள்.) மூன்று பாடத்தில் 2, 2, 3 வாங்கினால் 2.33, தப்பித்தது. 2, 3, 3 என்றால் 2.66, கிம்னாசியும் இல்லை. அப்படித் தவறியவர்கள் ஜெர்மனிலும் கணிதத்திலும் மூன்று நாள் சோதனை வகுப்புக்குப் போகலாம். அதில் ஒன்றில் 3, இன்னொன்றில் 4 வாங்கினால் இடம் உண்டு. இரண்டிலும் 4 என்றால் பெற்றோர் விரும்பினால் சேர்க்கலாம்.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் கணிதம் இல்லை, சுற்றுப்புறவியல்தான். தண்ணீர் சுத்திகரிப்பு, தீயணைப்பு, ஊராட்சி என்று பாடம் சுலபமாகத் தெரியும். விடையெல்லாம் ஜெர்மன் வாக்கியங்களாக எழுத வேண்டும். அங்கேதான் பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

இப்போதுதான் வந்திறங்கினோம், பிள்ளைக்கு ஜெர்மன் தெரியாது. எங்கே சேர்ப்பார்கள்?

முதலில் முகவரிப் பதிவு. அந்தச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பழைய மதிப்பெண் பட்டியல்கள் (பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனில் பெயர்த்தது), தட்டம்மை தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கான அத்தாட்சி ஆகியவற்றோடு உள்ளூர்க் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். தட்டம்மை விதி 2020 மார்ச் முதல் நாடு முழுவதும் கட்டாயம். ஊரில் போட்ட ஊசிக்குத் தாள் இல்லையென்றால், குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியைப் பார்த்து எழுதித் தருவார்.

பிறகு மொழி வகுப்பு. பெர்லினில் வில்கொம்மன்ஸ்கிளாஸ், பவேரியாவில் டாய்ச்கிளாஸ், பாடன்-வுர்ட்டம்பர்கில் ஃபோர்பெராய்டுங்ஸ்கிளாஸ் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான்: ஓராண்டிலிருந்து ஈராண்டுக்குள் ஜெர்மன் கற்றுக்கொடுத்து, பாடம் பாடமாகப் பொது வகுப்புக்குள் நுழைப்பது. விளையாட்டு, ஓவியம், கணிதம் முதலில்; வரலாறு கடைசியில்.

ஒரு பொறி இருக்கிறது. மொழி வகுப்பு எந்தப் பள்ளியில் நடக்கிறதோ, அந்தப் பள்ளியிலேயே பிள்ளை தங்கிவிடும் போக்கு உண்டு. மிட்டல்ஷூலவில் மொழி வகுப்பு, அப்படியே மிட்டல்ஷூலவில் படிப்பு. கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால், ஆறு மாதத்திலேயே வகுப்பாசிரியரிடம் "கிம்னாசியத்துக்கோ ரியால்ஷூலவுக்கோ மாற்ற என்ன வழி?" என்று கேளுங்கள். யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். 15, 16 வயதில் வருபவர்களுக்கு இது இன்னும் அவசரம். அவர்களை நேராகத் தொழிற்பள்ளியின் ஆயத்த வகுப்புக்கு அனுப்பிவிடுவது சகஜம்.

பிள்ளை 1 வாங்கி வந்தது. அழுவதா, சிரிப்பதா?

சிரியுங்கள். 1 மிக நன்று, 2 நன்று, 3 திருப்தி, 4 போதுமானது, 5 குறையுள்ளது, 6 சுத்தமாகத் தேறாதது. 4 வரை பாஸ். 3 வாங்கினால் வீட்டில் திட்டு விழுவது நம்மவரிடம் அதிகம்; இங்கே 3 என்பது நடுத்தர மாணவரின் மானமான மதிப்பெண். மேல்வகுப்புக்குப் போனதும் முறை தலைகீழாகும்: 15 புள்ளி உச்சம், 0 அடிமட்டம். 13, 14, 15 மூன்றும் பழைய 1. 10 முதல் 12 வரை 2. இப்படியே போய் 5 புள்ளி என்பது பழைய 4. அதற்குக் கீழே குறை.

தேர்வுத்தாளில் 2 இருக்கிறது, ரிப்போர்ட்டில் 3 போட்டிருக்கிறார்கள். தவறா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

தவறில்லை. எழுத்துத் தேர்வு மொத்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி மட்டுமே. மறு பகுதி வகுப்பில் வாய்திறந்து பங்கெடுப்பது. அதன் எடை மாநிலத்துக்கும் பாடத்துக்கும் ஏற்ப மாறும். பல இடங்களில் ஏறக்குறைய பாதி. எழுத்துத் தேர்வே இல்லாத பாடங்களில் (கீழ்வகுப்புகளில் உயிரியல், புவியியல், வரலாறு போன்றவை) கிட்டத்தட்ட எல்லாமே இதுதான்.

ஆசிரியர் முன்னால் வாயைத் திறக்காமல் இருப்பதை மரியாதை என்று வளர்ந்த பிள்ளை இங்கே வந்து அதே மரியாதையைக் காட்டும். ஆசிரியர் குறிப்பேட்டில் "பங்கெடுக்கவில்லை, 4" என்று எழுதுவார். எழுத்தில் 2, வாயில் 4, சேர்ந்து 3. கணக்கு அவ்வளவுதான். டியூஷன் வைத்தால் தீராத நோய் இது, ஏனென்றால் நோய் பாடத்தில் இல்லை.

செய்ய வேண்டியது: ஒரு பாடவேளையில் இரண்டு தடவையாவது விரலை உயர்த்த வேண்டும் (இங்கே முழுக் கையைத் தூக்க மாட்டார்கள், ஆள்காட்டி விரல்தான்). விடை தவறாக இருந்தாலும் பரவாயில்லை. "இதை வேறு விதமாகவும் பார்க்கலாமே" என்பதும், பொருத்தமான ஒரு கேள்வியும் பங்கெடுப்பாகவே எண்ணப்படும். மொழி தயங்கும் பிள்ளை வீட்டுப்பாடத்தை வாசிக்க முதல் ஆளாக விரல் தூக்கலாம். அதை முந்தைய நாளே தயார் செய்து வைத்திருக்கலாம் அல்லவா? அரையாண்டின் நடுவில் ஆசிரியரிடம் "என் வாய்மொழி மதிப்பெண் இப்போது எப்படி இருக்கிறது?" என்று மாணவரே கேட்கலாம். அது உரிமை, அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. ரிப்போர்ட் வந்த பிறகு பெற்றோர் போய்ச் சண்டை போடுவதைவிட இது பத்து மடங்கு பலன் தரும்.

எழுத்துத் தேர்வுகள் எப்படி நடக்கும்?

ஆண்டிறுதிப் பெருந்தேர்வு கிடையாது. முக்கியப் பாடங்களில் ஆண்டு முழுக்கப் பரவிக் கிடக்கும். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் ஐந்தாம் வகுப்பில் ஜெர்மன், கணிதம், ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் ஆறு. தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பவேரியாவில் மாணவர்கள் "எக்ஸ்" என்று அழைக்கும் திடீர்த் தேர்வும் உண்டு: சொல்லாமல் கொள்ளாமல், சுமார் இருபது நிமிடம், முந்தைய ஓரிரு பாடவேளையில் நடத்தியதிலிருந்து. அங்கே படிப்பவர்கள் அன்றன்றைக்குப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

திருத்திய தாளில் பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வகுப்பில் எத்தனை பேர் 1, எத்தனை பேர் 2 என்ற பட்டியல் பெரும்பாலும் தாளிலேயே இருக்கும். ரேங்க் கிடையாது, பெயர் போட மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு என்று ஆசிரியரிடம் கேட்டால் முகம் சுளிப்பார்.

மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. வினாக்கள் "விவரி", "ஒப்பிடு", "மதிப்பிடு" போன்ற கட்டளைச் சொற்களில் வரும். "மதிப்பிடு" என்று கேட்ட இடத்தில் விவரித்து மூன்று பக்கம் எழுதினாலும் புள்ளி விழாது. மேல்வகுப்பில் வரலாற்றுத் தாளில்கூட மொழிப்பிழை மலிந்தால் 15இல் ஒன்றிரண்டு புள்ளி போய்விடும்.

பெயிலானால்?

அதே வகுப்பைத் திரும்பப் படிக்க வேண்டும். பவேரியக் கிம்னாசியத்தில், தேர்ச்சிக்குரிய பாடங்களில் ஒரு 6 அல்லது இரண்டு 5 இருந்தால் பொதுவாக அடுத்த வகுப்பு இல்லை. சில சமயம் கோடை விடுமுறையின் கடைசி நாட்களில் மறுதேர்வு எழுதித் தப்பிக்கலாம்.

அதற்கு முன்பே எச்சரிக்கைக் கடிதம் வரும். "நீலக் கடிதம்" என்பார்கள். இப்போது வெள்ளைத் தாளில்தான் வருகிறது. அதைக் கண்டு நடுங்க வேண்டாம், ஆனால் மேசை இழுப்பறையில் போட்டு மூடவும் வேண்டாம். இன்னும் சில வாரம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில், பள்ளி எச்சரிக்காமல் விட்டால் ஒரு பாடத்தின் குறையைத் தேர்ச்சி முடிவில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஒரு வருடம் தங்கிப் படித்த பிள்ளையை இங்கே யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை.

ஆங்கிலம் போக இன்னொரு அந்நிய மொழியும் வேண்டுமா? தமிழைக் காட்ட முடியாதா?

கிம்னாசியத்தில் 6 அல்லது 7ஆம் வகுப்பில் இரண்டாம் அந்நிய மொழி தொடங்கும்: பிரெஞ்சு, லத்தீன், சில பள்ளிகளில் ஸ்பானிஷ். அபிட்டூருக்கு அது தேவை. கீழ்வகுப்புகளில் படிக்காதவர்கள் மேல்வகுப்புத் தொடக்கத்திலிருந்து புதிதாக ஒரு மொழியைக் கடைசிவரை படித்தாக வேண்டும். லத்தீனைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் பேச வேண்டியதில்லை, ஜெர்மனுக்குப் பெயர்க்கத்தான் வேண்டும். வேற்றுமை உருபு பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு அதன் இலக்கணம் அந்நியமாகத் தெரியாது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சில மாநிலங்களில், நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் அவற்றில் ஒன்று, தாய்மொழித் தேர்வு எழுதி ஓர் அந்நிய மொழிக்கு ஈடுகட்டும் வழி இருக்கிறது. அந்த மொழியில் தேர்வு நடத்தத் தகுதியானவர் கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் சேர்ந்த உடனேயே கேட்டு வையுங்கள். ஈழத்தமிழர் பல ஊர்களில் வாரக் கடைசியில் நடத்தும் தமிழாலயங்களில் படித்தது இதற்குத் தயாராக உதவும்; ஆனால் அந்தச் சான்றிதழ் தானாகவே பள்ளி ரிப்போர்ட்டில் ஏறாது.

சமய வகுப்பு கட்டாயமா? நீச்சலுக்குப் பெண் பிள்ளையை அனுப்பித்தான் ஆக வேண்டுமா?

சமயக் கல்வி அரசியல் சட்டத்தின் 7ஆம் பிரிவிலேயே இருக்கும் பாடம். கிறித்தவர் அல்லாதவர்கள் நன்னெறி அல்லது மெய்யியல் வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் 14 வயதிலிருந்து அந்த முடிவு பிள்ளையினுடையது, பெற்றோருடையது அல்ல.

நீச்சல் கட்டாயம். உடலை முழுக்க மூடும் நீச்சலுடை அணிந்து வரலாம், வராமல் இருக்க முடியாது என்று 2013இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாலியல் கல்வியும் அப்படியே; விலக்குக் கேட்டு எழுதினால் பெரும்பாலும் மறுப்புத்தான் வரும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை எட்டு மணி அல்லது அதற்கும் கால் மணி முன்பு. பாடவேளை 45 நிமிடம், பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்த்து. சீருடை இல்லை. பழைய பாணிப் பள்ளி ஒரு மணியளவில் முடிந்துவிடும். முழுநாள் பள்ளிகளில் மதிய உணவும் நான்கு மணி வரை வகுப்பும் உண்டு. ஆசிரியர் வரவில்லையென்றால் மேல்வகுப்புகளில் அந்த வேளை ரத்தாகிவிடும். அதைக் காலையிலேயே செயலியில் பார்த்துவிட்டு மாணவர்கள் தாமதமாகக் கிளம்புவார்கள். பிள்ளை பொய் சொல்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியர் பற்றாக்குறை நிஜம்.

ஆசிரியரை "சார்", "மிஸ்" என்று அழைக்கும் வழக்கம் இல்லை. "ஹெர்" அல்லது "ஃப்ராவ்" சேர்த்துக் குடும்பப் பெயர், கூடவே "ஸீ" என்ற மரியாதைப் பன்மை. மேல்வகுப்புக்கு வந்ததும் ஆசிரியர்களும் மாணவரை "ஸீ" என்று அழைக்கத் தொடங்குவார்கள். நேற்றுவரை "நீ", இன்று "நீங்கள்". பிள்ளைகள் அதை ஒரு வாரம் ரசிப்பார்கள்.

ஊருக்குப் போக விமான டிக்கெட் விடுமுறைக்கு நான்கு நாள் முன்னால் பாதி விலை. போகலாமா?

கூடாது. வீட்டிலிருந்தே படிப்பதற்குக்கூட அனுமதி இல்லாத நாடு இது. பள்ளி வருகை சட்டக் கடமை. விடுமுறைக்கு ஒட்டிய நாட்களில் "காய்ச்சல்" என்று எழுதிக் கொடுத்தால் மருத்துவச் சான்று கேட்பார்கள். மாட்டினால் அபராதம். பவேரியாவின் மெம்மிங்கன் விமான நிலையத்தில் பள்ளி நாளில் பிள்ளைகளோடு வரிசையில் நின்ற குடும்பங்களைக் காவலர்கள் விசாரித்தது 2018இல் செய்தியானது. திருமணம், மரணம் போன்ற காரணமென்றால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், தருவார்கள்.

ஆண்டுக்கு 75 வேலைநாள் விடுமுறை. கோடையில் ஆறு வாரம். நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொள்ளாமலிருக்க மாநிலங்கள் மாறி மாறி எடுக்கின்றன. பவேரியாவும் பாடன்-வுர்ட்டம்பர்கும் மட்டும் சுழற்சியில் சேராமல் எப்போதும் கடைசியில் நிற்கும்.

அரசுப் பள்ளி இலவசம் என்றார்கள். பிறகு ஏன் இவ்வளவு செலவு?

கட்டணம் இல்லை, சரி. புத்தகம் பல மாநிலங்களில் இரவல். கிழித்தால், தண்ணீர் கொட்டினால் விலை கொடுக்க வேண்டும், அதனால் முதல் நாளே அட்டை போடுங்கள். நகல் எடுக்கப் பணம், கணிப்பான், வகுப்புச் சுற்றுலா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு வாரச் சுற்றுலா 300 யூரோவைத் தாண்டுவது சகஜம். குடியிருப்பு உதவித்தொகை, குழந்தைக் கூடுதல் தொகை போன்றவை பெறும் குடும்பங்களுக்கு அரசே சுற்றுலாச் செலவை ஏற்கும். எழுதுபொருளுக்குத் தனித் தொகையும் உண்டு. 2025இல் அது ஆண்டுக்கு 195 யூரோ. வெட்கப்பட்டுப் பிள்ளையைச் சுற்றுலாவிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். அந்த ஐந்து நாளில் ஒட்டும் நட்பு, வகுப்பறையில் ஐந்து மாதத்தில் ஒட்டாது.

நோட்டு வாங்கும்போது அட்டையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 25 கோடு போட்டது, 26 கட்டம் போட்டது, இரண்டிலும் ஓரக்கோடு உண்டு. பட்டியலில் 26 என்றிருக்க 25 வாங்கினால் கணிதத்துக்கு ஆகாது.

அபிட்டூர் மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கடைசி இரண்டு ஆண்டுகளின் நான்கு அரையாண்டுகள் முதல் பகுதி. இறுதித் தேர்வுகள் இரண்டாம் பகுதி. முதல் பகுதிக்கு 600, இரண்டாவதற்கு 300, மொத்தம் 900 புள்ளி. தேற முதலில் 200, இரண்டாவதில் 100 வேண்டும். ஆக மூன்றில் இரண்டு பங்கு, தேர்வறைக்குள் நுழையுமுன்பே முடிவாகிவிடுகிறது. பிளஸ் டூ போலக் கடைசி மூன்று மாதம் விழித்துப் படித்துத் தூக்கிவிடலாம் என்று நினைத்தால் தப்புக் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. அரையாண்டுப் பாடங்களின் சராசரி (மாணவர் தேர்ந்தெடுத்துக் கூடுதல் நேரம் படிக்கும் ஆழப் பாடங்களை இரட்டிப்பாக எண்ணி) 11 புள்ளி என்று வையுங்கள். அதை 40ஆல் பெருக்க 440. இறுதியில் ஐந்து தேர்வு, 12, 10, 9, 13, 11, கூட்டினால் 55, ஒவ்வொன்றும் நான்கு மடங்கு என்பதால் 220. மொத்தம் 660. பட்டியலில் 643 முதல் 660 வரை 2.0. ஒரே ஒரு புள்ளி கூடி 661 ஆகியிருந்தால் 1.9. உச்சமான 1.0க்கு 823 போதும். சரியாக 300 எடுத்தால் 4.0, தேறியாயிற்று.

கவனிக்க வேண்டியது குறைப் பாடங்கள். கணக்கில் சேரும் பாடங்களில் 5 புள்ளிக்குக் கீழே வருபவை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 0 புள்ளி வாங்கிய பாடம் படிக்காததாகவே கருதப்படும். அது கட்டாயப் பாடமென்றால் தேர்வுக்கே அனுமதி இல்லை. வகுப்புக்குப் போகாமல் சுற்றுபவர்கள் விழும் குழி இது.

ஆழப் பாடமாகப் பிள்ளைக்குப் பிடித்ததை எடுக்க விடுங்கள். இயற்பியல் எடுத்தால்தான் பொறியியல் என்ற விதி பொதுவாக இங்கே இல்லை. விளையாட்டையும் இசையையும்கூட ஆழப் பாடமாக நடத்தும் பள்ளிகள் உண்டு.

மருத்துவம் படிக்க எவ்வளவு வேண்டும்?

இங்கேயும் கட்-ஆஃப் இருக்கிறது. நுமெருஸ் கிளவுசுஸ் என்று லத்தீனில் சொல்வார்கள். 2017 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் பழைய முறையைக் குறை சொன்னதால் 2020இல் மாற்றினார்கள். முக்கிய ஒதுக்கீட்டில் 30 விழுக்காடு இடம் அபிட்டூர் மதிப்பெண்ணுக்கு மட்டும், 10 விழுக்காடு அபிட்டூரைப் பார்க்காமல் பிற தகுதிகளுக்கு, 60 விழுக்காடு பல்கலைக்கழகங்களின் கலவை முறைக்கு. முதல் 30இல் நுழைய 1.0 அல்லது அதை ஒட்டி வேண்டும். 1.3, 1.5 என்று நிற்பவர்கள் மருத்துவத் தகுதித் தேர்வை எழுதியும், செவிலியர் அல்லது அவசர ஊர்தித் துறையில் பயிற்சி முடித்தும் மற்ற இரண்டு ஒதுக்கீட்டில் முயல்வார்கள். குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 கடைசி நாள்.

இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தாலும், ஜெர்மன் அபிட்டூர் வாங்கியிருந்தால் இடம் ஒதுக்குவதில் ஜெர்மானியரோடு சமமாகவே நடத்துவார்கள். இது தெரியாமல் வெளிநாட்டவர் வழியில் விண்ணப்பித்து அலைபவர்கள் உண்டு.

தொழிற்பயிற்சிக்குப் போகிறேன் என்கிறான் மகன். தடுப்பதா?

எங்கள் கருத்து: தடுக்காதீர்கள். ஆவுஸ்பில்டுங் என்ற இந்த முறை "படிப்பு வராதவனுக்கு" என்று ஒதுக்கியது இல்லை. அபிட்டூர் முடித்தவர்களும் வங்கிக்கும் கணினித் துறைக்கும் இதே வழியில் போகிறார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரை ஆண்டு. முதல் நாளிலிருந்து சம்பளம்: 2025இல் தொடங்கிய ஒப்பந்தங்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சம் முதலாண்டில் மாதம் 682 யூரோ, இரண்டாம் ஆண்டு 805, மூன்றாம் ஆண்டு 921. பெரிய ஆலைகளில் இதைவிட நன்றாகவே கிடைக்கும். தகுதிகாண் காலம் ஒன்று முதல் நான்கு மாதம். அதற்குள் இரு தரப்பும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதைக் கடந்துவிட்டால் நிறுவனம் லேசில் வெளியேற்ற முடியாது.

தவறுவது நேரத்தில்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் இடத்துக்குப் பெரிய நிறுவனங்கள் ஓராண்டு முன்பே ஆள் எடுத்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மூன்று வாரம் ஏதாவது நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். மாமாவின் கடையில் கையெழுத்து வாங்கி முடித்துக்கொள்ளாமல், பிள்ளை போக விரும்பும் துறையிலேயே இடம் தேடச் சொல்லுங்கள். பலருக்கு வேலை கிடைப்பது அந்த இரண்டு வாரத்தில் கிடைத்த அறிமுகத்தால்தான்.

படிக்கும்போதே வேலை பார்க்கலாமா?

13 வயதிலிருந்து, பெற்றோர் சம்மதத்தோடு, நாளிதழ் போடுவது போன்ற இலகுவான வேலை நாளுக்கு இரண்டு மணி நேரம். மாலை ஆறுக்குப் பிறகு கூடாது. 15 வயது முதல் விடுமுறையில் ஆண்டுக்கு மொத்தம் நான்கு வாரம் முழுநேரமாக.

அபிட்டூர் முடிக்கும் பிள்ளைகள் கடைசி வாரத்தில் வேடம் போட்டு வருகிறார்களே?

அது வேட வாரம். வகுப்பு நின்று தேர்வு தொடங்குமுன், நாளுக்கொரு கருப்பொருளில் உடுத்தி வருவார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பள்ளியையே கைப்பற்றி ஆசிரியர்களை மேடையேற்றிக் கேலி செய்வார்கள். பிறகு விருந்து, நடனம். விருந்து மண்டபத்துக்கான பணத்தை இரண்டு வருடமாகக் கேக் விற்றுச் சேர்த்திருப்பார்கள். வீட்டிலிருந்து வடை கொடுத்தனுப்பினால் முதலில் தீர்வது அதுதான். 16 வயதில் பியரும் வைனும் சட்டப்படி வாங்கலாம் என்பதால் அந்த மாலைகளில் அவை இருக்கும். அதைப் பற்றி வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் செய்ய வேண்டியது?

மூலப்பிரதி ஒன்றுதான் தருவார்கள். அன்றைக்கே பள்ளி அலுவலகத்தில் ஐந்தாறு சான்றளித்த நகல் கேட்டு வாங்குங்கள். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அலுவலகம் பூட்டியிருக்கும், ஜூலை 15 நெருங்கிக்கொண்டிருக்கும். விட்டுப்போனால் நகராட்சி அலுவலகத்திலும் கட்டணம் செலுத்திப் பெறலாம். மூலப்பிரதியை லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், அதன் பிறகு அதற்கு நகல் சான்றளிக்கப் பல அலுவலகங்கள் மறுத்துவிடும்.